பழைய ரேக்குக்குப் புது பெயிண்ட்: மளிகைக் கடைக்காரர் கவனிக்க வேண்டியவை

ஒரு கடை காலியாகும்போது அதன் ரேக்குகளும், கல்லா மேஜையும், பெஞ்சும் இன்னொரு கடைக்குப் போய்ச் சேர்வது நமது தொழிலில் வெகுகாலமாக உள்ள வழக்கம். புதிதாகச் செய்ய ஆசாரி சொல்லும் தொகையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. பழைய சாமான் கடையில் அதே அளவு ரேக் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. "ஒரு டப்பா பெயிண்ட் வாங்கி அடித்துவிட்டால் புதுசு மாதிரி ஆகிவிடும்" என்று விற்பவரும் சொல்வார், நாமும் நம்பி வண்டியில் ஏற்றிவிடுவோம்.

அது பாதி உண்மைதான். சரியாகச் செய்தால் பழைய ரேக் இன்னும் பல வருடம் உழைக்கும். ஆனால் ஜவுளிக் கடைக்காரரோ பாத்திரக் கடைக்காரரோ செய்வது போல மளிகைக் கடைக்காரர் இந்த வேலையைச் செய்ய முடியாது. நமது ரேக்கில் இருப்பது மக்கள் சாப்பிடும் பொருள். பெயிண்ட் வாடையும், பழைய பெயிண்டின் தூளும் அந்தப் பொருளில் சேர்ந்தால் நஷ்டம் பணத்தோடு நிற்பதில்லை.

நமக்கே நேர்ந்த ஒரு அனுபவத்தைச் சொல்லிவிடுகிறோம். சில வருடங்களுக்கு முன், மூடிய ஒரு கடையிலிருந்து இரண்டு மர ரேக்குகளை வாங்கினோம். தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, இரவு கடை அடைத்த பிறகு உள்ளேயே வைத்து எனாமல் அடித்தோம். வெளியே ஐப்பசி மழை. மூன்றாம் நாள் விரலால் தொட்டுப் பார்த்தால் ஒட்டவில்லை. காய்ந்துவிட்டது என்று டீத்தூள், ரவை, மைதா எல்லாவற்றையும் அடுக்கினோம். பண்டிகை முடிந்த மறுநாள் வாடிக்கையாளர் ஒரு அம்மா வந்து, "அண்ணாச்சி, டீ போட்டா பெயிண்ட் வாடை அடிக்குது, நீங்களே மோந்து பாருங்க" என்று பொட்டலத்தை நீட்டினார். மோந்து பார்த்தோம். அவர் சொன்னது சரியாகவே இருந்தது. அந்த ரேக்கில் இருந்த டீத்தூள் முழுவதையும் குப்பையில் கொட்டினோம். ரேக்கில் மிச்சம் பிடித்ததெல்லாம் அதில் போயிற்று.

தவறு எங்கே என்று பிறகுதான் விளங்கியது. எனாமல் காய்வது துணி காய்வது போல அல்ல. முதலில் அதிலுள்ள டர்பென்டைன் ஆவியாகப் போகிறது. அதற்குப் பிறகு மிச்சமிருக்கும் எண்ணெய்ப் பசை காற்றிலுள்ள பிராணவாயுவைச் சேர்த்துக்கொண்டு மெல்ல மெல்லக் கெட்டியாகிறது. மேல் தோல் ஒரே நாளில் காய்ந்து விடும், உள்ளே பல நாட்கள் வேலை நடந்துகொண்டே இருக்கும். அந்த நாட்களில் எல்லாம் வாடை வெளிவந்துகொண்டே இருக்கும். காற்றோட்டம் இல்லாத பூட்டிய கடையிலும், ஈரம் மிகுந்த மழைக்காலத்திலும் இது இன்னும் தாமதமாகும். டீத்தூள், காபித்தூள், மாவு வகைகள், எண்ணெய், நெய் ஆகியவை பக்கத்தில் உள்ள வாடையை இழுத்துக்கொள்ளும் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சோப்பு மூட்டைக்குப் பக்கத்தில் டீப்பெட்டியை வைக்காதவர்கள், பெயிண்ட் அடித்த ரேக்கில் வைத்துவிடுகிறோம்.

எனவே ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் கடையைச் சுத்தம் செய்யும்போது பெயிண்ட் வேலையையும் சேர்த்துக்கொள்வது நல்ல யோசனை அல்ல. அது வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரம், சரக்கு நிறைந்திருக்கும் நேரமும் அதுவே. பங்குனி, சித்திரை மாத வெயில் மிகவும் ஏற்றது. ஆடியில் வியாபாரம் மந்தம் என்று சிலர் அப்போது செய்கிறார்கள். ஆனால் ஆடிக் காற்றில் பறக்கும் தூசி எல்லாம் ஈரப் பெயிண்டின் மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்போது செய்தே தீர வேண்டுமென்றால், காற்று நேராக அடிக்காத தாழ்வாரத்தில் செய்யலாம்.

எந்தக் காலமானாலும் வேலை கடைக்கு வெளியே நடக்க வேண்டும். கடைசிக் கை அடித்த பிறகு குறைந்தது 7 முதல் 10 நாள் காற்றாட நிற்கட்டும். பிறகும் சந்தேகமிருந்தால் ஒரு எளிய சோதனை உண்டு. ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் டீத்தூளைத் திறந்தபடி ரேக்கில் வைத்து, ரேக்கைத் துணியால் மூடி ஒரு இரவு விட்டுவிட்டு, காலையில் அதில் டீ போட்டுக் குடித்துப் பாருங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது

பெயிண்ட் ஆட்டத்தை நிறுத்தாது. ரேக்கைக் கையால் அசைத்துப் பாருங்கள். மூட்டுகள் ஆடினால், பசை வைத்து ஆப்பு அடித்துச் சரிசெய்யும் கூலியையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். கால்களின் அடிப்பாகத்தைக் கவிழ்த்துப் பாருங்கள். கறையான் அங்கேதான் முதலில் ஏறும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை என்றால், ஓரங்கள் ஈரத்தில் ஊதியிருக்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை ஊதியதை எந்தப் பட்டியும் எந்தப் பெயிண்டும் சரி செய்யாது, அதை விட்டுவிடுவதே மேல்.

மரத்தில் குண்டூசி முனை போன்ற துளைகள் இருந்தால் உளு விழுந்திருக்கிறது என்று பொருள். பழைய துளையா, இப்போதும் உள்ளே வண்டு வேலை செய்கிறதா என்பதுதான் கேள்வி. ரேக்கை நன்றாகத் துடைத்து, கீழே கறுப்புக் காகிதம் விரித்து இரண்டு வாரம் வையுங்கள். புதிதாக மாவு கொட்டினால் அது நமது கடைக்கு வேண்டாம். மரத்துக்குப் பூச்சி மருந்து அடித்து அதே ரேக்கில் பருப்பு வைப்பதைவிட, அந்த ரேக் இல்லாமல் இருப்பது நல்லது. தானியத்தைத் துளைக்கும் சிறு வண்டு ஒன்று, மரம் துளைக்கும் வண்டுகளின் குடும்பத்தைச் சேர்ந்ததே. அதற்கு மரச் சந்து என்றால் தாய்வீடு மாதிரி.

இன்னொன்று. வாங்கியது என்ன மரம் என்று பார்க்காமல் பெயிண்ட் டப்பாவைத் திறக்காதீர்கள். செட்டிநாட்டு வீடுகளிலிருந்தும் பழைய மண்டிகளிலிருந்தும் வந்த கல்லாப்பெட்டிகளில் பர்மா தேக்கு உண்டு. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் இத்தகைய பழம்பொருள்களை வாங்கி விற்பதற்கென்றே கடைகள் வரிசையாக இருக்கின்றன. அப்படிப்பட்ட பெட்டியின் மேல் நீல எனாமலை அப்பிவிட்டு, பிறகு அதைச் சுரண்டக் கூலி கொடுத்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அடிப்பக்கத்தில் கொஞ்சம் தேய்த்துப் பாருங்கள். நல்ல தேக்கு, ஈட்டி என்றால் சுத்தம் செய்து பாலிஷ் போடுங்கள். பெயிண்ட் என்பது நாட்டு மரத்துக்கும், பிளைவுட்டுக்கும், இரும்புக்கும் உரியது.

பழைய பெயிண்டைச் சுரண்டும் முன்

இந்தப் பகுதியைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டுகிறோம்.

பழைய எனாமல்களில், முக்கியமாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை நிறங்களில், ஈயம் கலந்த நிறப்பொடிகள் அதிகம் பயன்பட்டன. பளிச்சென்ற மஞ்சள் பலவற்றில் இருந்தது லெட் குரோமேட் என்ற ஈயப்பொருள். இரும்புக்கு அடித்த பழைய ஆரஞ்சு நிற முதல் பூச்சும் பெரும்பாலும் ஈயமே. நமது நாட்டில் 2016-ல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, வீட்டு உபயோக, அலங்காரப் பெயிண்டுகளில் ஈயம் 90 பி.பி.எம்., அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. அதற்கு முன் அடித்த பெயிண்டில் எவ்வளவு இருக்கும் என்பதைப் பார்வையால் சொல்ல முடியாது. பழைய சாமான் கடையிலிருந்து வரும் ரேக் எந்த வருடத்தில் பெயிண்ட் கண்டது என்று யாருக்குத் தெரியும்? ஆகவே ஈயம் இருப்பதாகவே வைத்துக்கொண்டு வேலை செய்வதுதான் பாதுகாப்பு.

ஈயம் பெயிண்டாக மரத்தில் ஒட்டியிருக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்கும்போது அது மாவு போன்ற தூளாகப் பறக்கிறது. மூச்சில் போகிறது, கையில் ஒட்டிச் சாப்பாட்டில் போகிறது, அரிசி மூட்டையின் மேலும் திறந்த பருப்பு டின்னிலும் படிகிறது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வளரும் குழந்தைகளின் மூளையை அது பாதிக்கிறது. பள்ளி விட்டு வந்து கடையிலேயே உட்கார்ந்து வீட்டுப் பாடம் எழுதும் நமது பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் பழைய பெயிண்ட் கெட்டியாக ஒட்டியிருந்தால் அதை முழுவதும் எடுக்க முயல வேண்டாம். "அடி வரைக்கும் சுரண்டினால்தான் பிடிக்கும்" என்று சில பெயின்டர்கள் சொல்வார்கள். அது தேவையில்லை. கெட்டியான பழைய பெயிண்ட் புதுப் பெயிண்டுக்கு நல்ல அஸ்திவாரம். பளபளப்பு மங்கும் அளவுக்கு வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்த்தால் போதும். உரிந்து நிற்கும் இடத்தை மட்டும் நீர் தெளித்துச் சுரண்டலாம். கீழே பிளாஸ்டிக் தாள் விரித்து, விழுந்ததை ஈரத் துணியால் சேர்த்துக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும், துடைப்பத்தால் கூட்டக்கூடாது. வேலை முடிந்ததும் சட்டையை மாற்றி, கை முகம் கழுவிவிட்டே சாப்பிட உட்கார வேண்டும். ஊதுவிளக்கால் சுட்டு எடுப்பதும், மின்சார இயந்திரத்தால் தேய்ப்பதும் வேண்டவே வேண்டாம். உடைந்த பெயிண்ட் பலகைகளை டீக்கடை அடுப்புக்குக் கொடுப்பதும், போகியன்று கொளுத்துவதும் அதே விஷத்தைப் புகையாக்கி ஊருக்குக் கொடுப்பதுதான்.

எண்ணெய்ப் பிசுக்கு, வெல்லப் பிசுக்கு

மளிகைக் கடை ரேக்குக்கென்று ஒரு தனி வியாதி உண்டு. எண்ணெய் டின் வைத்த தட்டு, வெல்ல மூட்டை உரசிய கால், நெய் அளந்த மேஜை. இவற்றின் மேல் எவ்வளவு உயர்ந்த பெயிண்டை அடித்தாலும் ஆறே மாதத்தில் தோல் போல உரிந்து வரும். குற்றம் பெயிண்டில் இல்லை, அடியில் உள்ள பிசுக்கில்.

நாமே விற்கும் சலவை சோடா இதற்குப் போதும். ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேஜைக்கரண்டி கரைத்து, கையில் உறை போட்டுக்கொண்டு, தேங்காய் நாரால் அழுத்தித் தேயுங்கள். பிறகு நல்ல தண்ணீரால் இரண்டு முறை துடைத்து, வெயிலில் முழுவதும் உலர விடுங்கள். மண்ணெண்ணெயால் துடைப்பது பழைய வழக்கம். அது பிசுக்கை எடுக்கும், ஆனால் தன் எண்ணெயை விட்டுப் போகும், வாடையும் தங்கும்.

பிறகு வருவதுதான் நமக்கு மிகவும் பயன்படும் வேலை: பட்டி பார்ப்பது. பலகைச் சந்துகள், ஆணித் துளைகள், மூட்டு இடைவெளிகள் எல்லாவற்றையும் பட்டியால் அடைக்க வேண்டும். கடைகளில் தயாராகவே கிடைக்கிறது. பழைய பெயின்டர்கள் சாக்பவுடரையும் ஆளிவிதை எண்ணெயையும் பிசைந்து தாங்களே செய்வார்கள். பார்வைக்காக என்று நினைத்து மேல்தட்டில் மட்டும் பட்டி பார்த்து உள்ளே விட்டுவிடுகிறார்கள். மளிகைக் கடைக்காரருக்கு உள்ளே இருக்கும் சந்துதான் முக்கியம். சிந்திய ரவையும் மாவும் அங்கேதான் சேரும், வண்டும் கரப்பானும் அங்கேதான் முட்டையிடும். உணவுப் பொருள் வைக்கும் இடம் சுத்தமாகவும் பூச்சிக்கு இடம் தராமலும் இருக்க வேண்டும் என்பது 2011-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு உரிம விதிமுறைகளிலும் சொல்லப்பட்டிருக்கிறது. ஒரு ரேக்குக்குப் பெயிண்ட் அடிப்பதில் வேறு எந்த லாபமும் இல்லாவிட்டாலும், சந்துகள் அடைபடும் இந்த ஒரு லாபத்துக்காகவே அடிக்கலாம்.

இங்கே ஒரு நெருப்புக் கணக்கும் உண்டு. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், யாரும் தீக்குச்சி உரசாமலே தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். அது காற்றில் காயும்போது வெளியிடும் சூடு சுருட்டிய துணிக்குள் தேங்குவதுதான் காரணம். பக்கத்தில் சாக்கு அடுக்கியிருந்தால் கேட்கவே வேண்டாம். அந்தத் துணிகளைத் தண்ணீரில் முக்கி வைக்கவும், அல்லது வெளியே தனித்தனியாக விரித்துக் காய விடவும். டர்பென்டைன் டப்பாவைச் சாமி படத்து விளக்குக்கு அருகில் வைக்கக்கூடாது என்பதையும் சொல்லி வைக்கிறோம்.

பெயிண்ட் டப்பாவைத் திறக்கும்போது

பட்டி காய்ந்த பின் 180-ம் எண், பிறகு 220-ம் எண் வாட்டர் பேப்பரால் ஈரமாகவே இழைத்து, வெறும் மரம் தெரியும் இடமெல்லாம் மரத்துக்குரிய பிரைமர் ஒரு கை. அதன் மேல் எனாமல் இரண்டு கை, இரண்டும் மெல்லியதாக. கனமாக ஒரே கை அடிப்பது சிக்கனம் போலத் தோன்றும். மேலே தோல் கட்டி, உள்ளே ஈரம் நின்று, பால் ஆடை போலச் சுருங்கிவிடும். முதல் கைக்கும் இரண்டாம் கைக்கும் நடுவே ஒரு முழு நாள் விட வேண்டும். எனாமலுக்கு டர்பென்டைன்தான் சேர்க்க வேண்டும். லாக்கர் பெயிண்டுக்குரிய தின்னரை விலை மலிவென்று கலந்தால் கீழே உள்ள பழைய பெயிண்ட் கொப்பளித்து எழும்.

மஞ்சள், டீக் கறை, மார்க்கர் பேனா எழுத்து ஆகியவை எத்தனை கை அடித்தாலும் மேலே வந்து எட்டிப் பார்க்கும். அந்த இடத்தில் மட்டும் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு வார்னிஷ் ஒரு கை தடவிக் காயவிட்டுப் பிறகு பிரைமர் அடித்தால் கறை உள்ளேயே அடங்கிவிடும்.

எவ்வளவு வாங்குவது? ஒரு லிட்டர் எனாமல் ஒரு கைக்குச் சுமார் 100 சதுர அடி வரும் என்று வைத்துக்கொள்ளலாம். 6 அடி உயரம், 3 அடி அகலம், 1 அடி ஆழம், 5 தட்டு உள்ள ரேக்கை எடுத்துக்கொள்வோம். தட்டுகளின் மேலும் கீழும் 30, இரு பக்கப் பலகைகளின் உள்ளும் வெளியும் 24, முதுகுப் பலகையின் உட்புறம் 18, ஆக 72 சதுர அடி. இரண்டு கைக்கு 144. ஒன்றரை லிட்டர் போதும். சுவரைப் பார்த்து நிற்கும் முதுகுக்குப் பிரைமர் மட்டும் அடித்தால் போதும், ஆனால் அதை அடிக்காமல் விட்டால் சுவர் ஈரம் அந்த வழியாக ஏறும். டப்பாவில் ஈய அளவு 90 பி.பி.எம்.-க்கு மேற்படாது என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பெயரில்லாத மலிவு டப்பா நமக்கு வேண்டாம்.

நீரில் கரையும் எனாமல்களும் இப்போது கிடைக்கின்றன. விலை சற்றுக் கூடுதல், வாடை மிகக் குறைவு, விரைவில் காய்கிறது. உணவுப் பொருள் கடைக்கு நாம் இதையே விரும்புகிறோம். ஆனால் மூட்டை உரசும் இடங்களில் எண்ணெய் எனாமல் அளவுக்கு உழைக்குமா என்பதில் நமக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை.

நிறம் அவரவர் விருப்பம். எனினும் உட்புறம் வெள்ளை அல்லது கிரீம் அடித்தால் சரக்கு பளிச்சென்று தெரியும், ஊர்ந்து போகும் பூச்சியும் தெரியும். தரையிலிருந்து முக்கால் அடி உயரத்துக்குக் காப்பி நிறப் பட்டை அடித்தால் கால் படும் அழுக்கு தெரியாது.

பெயிண்ட் அடிக்கக்கூடாத இடங்களும் இருக்கின்றன. பருப்போ மிளகாயோ பொட்டலமின்றி நேரடியாகக் கொட்டி வைக்கும் பெட்டியின் உட்புறத்தில் எனாமல் கூடாது. அங்கே எவர்சில்வர் தகடு அடியுங்கள், அல்லது மூடியுள்ள டப்பாக்களுக்கு மாறுங்கள். கல்லா மேஜையின் மேற்பலகையும் அப்படியே. நாணயமும் தராசும் உரசி மூன்று மாதத்தில் பெயிண்ட் சரக்கில் உதிரும். அங்கே சன்மைக்காவோ தகடோ ஒட்டுவதே சிக்கனம்.

இரும்பு ரேக்குகள்

இரும்புக்கு விதி கொஞ்சம் வேறு. துருவைக் கம்பிப் பிரஷ்ஷாலும் எமரித் தாளாலும் எடுத்து, அன்றைக்கே ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்துவிட வேண்டும். ஒரு இரவு விட்டாலும் மீண்டும் துரு பூக்கத் தொடங்கும்.

கல்லுப்பு மூட்டை வைத்திருந்த ரேக் என்றால், துரு எடுத்தது மட்டும் போதாது. கண்ணுக்குத் தெரியாத உப்பு இரும்பின் குழிகளில் தங்கியிருக்கும். அதன் மேல் பெயிண்ட் அடித்தால், அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தைப் பெயிண்ட் வழியாகவே உள்ளே இழுத்து, சிறு கொப்புளங்களாக எழுப்பிவிடும். தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்பு மூட்டையே இல்லாத கடைகளிலும் இது நடக்கும், காற்றே உப்பைக் கொண்டு வருகிறது. நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று முறை கழுவி, உடனே துடைத்து, வெயிலில் உலர்த்திய பிறகே பிரைமர். உப்பு மூட்டைக்கு இனிமேலும் இரும்புத் தட்டு வேண்டாம், மரக்கட்டை மேல் வையுங்கள்.

பிரஷ்ஷில் பெயிண்ட் மிச்சம் இருக்கிறதே என்று தராசுத் தட்டுக்கும் இரும்பு எடைக்கற்களுக்கும் ஒரு கை அடித்துவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. பளபளப்பாகத்தான் இருக்கும். எடைக்கல்லின் எடை கூடிவிடும், முத்திரையும் மறைந்துவிடும், எடை அளவு ஆய்வாளர் வரும்போது விளக்கம் சொல்வது சிரமம். மிச்சப் பெயிண்டை மூடி இறுக்கித் தலைகீழாக வைத்தால் சில மாதம் தோல் கட்டாமல் இருக்கும், கீறல் விழுந்த இடத்தில் தொட்டுக்கொள்ள உதவும். ஆனால் அந்த டப்பாவும் கடைக்குள் இருக்க வேண்டாம்.